கேட்கிறதா, மை லார்ட்

புள்ளிகள் சுற்றுகின்றன. ஐந்து வெள்ளைப் புள்ளிகள், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, எங்கேயும் போய்ச் சேராமல். அதற்குக் கீழே முப்பத்தேழு சதவீதம் முடிந்தது, கணினியை அணைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. காபிக்கு எழுந்து போனபோதும் முப்பத்தேழு, குடித்துவிட்டு வந்தபோதும் முப்பத்தேழு. என் மேசை, என் மின்சாரம், என் காசில் வாங்கிய லேப்டாப், அது எனக்கு உத்தரவு போடுகிறது. இந்த அப்டேட்டை யார் கேட்டார்கள்? முப்பது வருஷமாக வக்கீல் தொழில் பார்க்கிறேன், மனுப் போடாமல் எந்தக் கோர்ட்டும் எவனுக்கும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற இந்தப் புண்ணியவான்கள் மட்டும் கேட்காமலே கொடுக்கிறார்கள், கொடுத்துவிட்டு அணைக்காதே என்று மிரட்டவும் செய்கிறார்கள். போன தடவை கொடுத்தார்கள், பிரிண்டர் போயிற்று. அதற்கு முந்தின தடவை கொடுத்தார்கள், என் கேஸ் கட்டுகள் எல்லாம் ஏதோ மேகத்தில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள், ஒரு வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எது போகப் போகிறதோ. பூஜை விடுமுறை முடிந்து இன்றுதான் கோர்ட் திறக்கிறது. மதுரைக் கிளை வழக்குகளை நீதிபதி சென்னையில் இருந்தபடியே கேட்கிறார், நான் மதுரையில் என் வீட்டு முன்னறை ஆபீசில், நடுவில் இந்தத் திரை. எங்கள் வழக்கு பட்டியலில் இருபத்தேழாவது. பக்கத்து நாற்காலியில் ஜெயக்கொடி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தூக்குவாளி. அவள் வீட்டையும் வீட்டோடு ஒட்டிய இட்லிக் கடையையும் வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று சொல்லி நாளைக் காலை இடிக்க வருகிறார்கள். இன்றைக்குத் தடை உத்தரவு வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் நாளைக்கு அவளுக்கு அடுப்பு வைக்க இடமில்லை. அவளும் என்னோடு சேர்ந்து புள்ளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாமி பார்ப்பதுபோல. "இதுதான் கோர்ட்டாய்யா?" என்றாள். இல்லை என்றேன். யோசித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கேயும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஐம்பது. அறுபத்திரண்டு. நகர்கிறது, எஜமானர் மனம் இரங்கிவிட்டார். சோணைமுத்து வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறான். என் குமாஸ்தா, பத்து வருஷமாக என்னோடு இருக்கிறான், பத்து வருஷமும் ஒரே முகம், இப்போதுதான் தூங்கி எழுந்த முகம். அவனைக் கேட்டால் பூஜை சரியாகப் போட்டாயிற்று, மெஷின் ஒன்றும் செய்யாது என்பான். ஆயுத பூஜை என்றால் அவனுக்கு ஒரு வெறி வந்துவிடும். சட்டப் புத்தகங்களுக்குப் பொட்டு வைக்கட்டும், நானும் கும்பிட்டு வளர்ந்தவன்தான். ஸ்டேப்ளருக்கு வைப்பார்களா? பேனாக்கூட்டுக்கு, இன்டர்நெட் பெட்டிக்கு, அதன் இரண்டு கொம்புக்கும் தனித்தனியாக? கழிப்பறை மோட்டார் சுவிட்சுக்குக்கூட வைத்திருந்தான். லேப்டாப்புக்கு நெற்றியில், திரைக்கு மேலே கேமராவை ஒட்டி, ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்து அப்படியே மூடிவிட்டுப் போயிருக்கிறான். காலையில் திறந்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. "கேமரா கண்ணுல படாம தள்ளித்தான் சார் வச்சேன்" என்று அதில் பெருமை வேறு. நீதிபதி முன்னால் பொட்டு வைத்த பெட்டியில் நான் போய் நிற்கவேண்டுமா? கைக்குட்டையை நனைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். குங்குமம் ஈஷிக்கொண்டது, மறுபடி நனைத்து மறுபடி தேய்த்தேன், பளிச்சென்று ஆகும்வரை விடவில்லை. அதுவாக உதிரவேண்டும், நாமாக அழிக்கக் கூடாது என்று முனகினான். மெஷினுக்கு என்ன மஞ்சள் குங்குமம், தாலியா கட்டியிருக்கிறோம் என்று கேட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவன்தான், இன்னும் உள்ளே வரவில்லை. தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பதில் நிற்பதுதான் இவர்களுடைய சாமர்த்தியம், கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து சாவியைத் தேடுகிற வீட்டுக்காரன் மாதிரி. நூறு. வணக்கம் என்கிறது. நீங்கள் இல்லாதபோது சில மேம்பாடுகள் செய்திருக்கிறோம் என்கிறது. நான் இல்லாதபோது என் வீட்டில் எவனாவது மேம்பாடு செய்தால் அதற்குப் பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம்.

மேம்பாடு என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. கீழே இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு வந்திருக்கிறது. செட்டிங்க்ஸ் எல்லாம் இடம் மாறி, ஒன்றுக்குள் ஒன்றாக, மருமகள் அடுக்கிய அலமாரி போல. கோர்ட் இணைப்பைத் திறந்தேன், படம் வந்தது, நீதிபதியின் காலி நாற்காலி, ஒரு ஓரத்தில் என் முகம், கழுத்துப் பட்டை சரியாக இருக்கிறது. பேசிப் பார்த்தேன். மைக் வேலை செய்தால் ஒரு நீலக் கோடு மேலும் கீழும் துள்ளவேண்டும், துள்ளவில்லை. வணக்கம் என்றேன். மை லார்ட் என்றேன். ஒன்று இரண்டு மூன்று என்றேன். செத்த பாம்பாகக் கிடந்தது. ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள், நான் யாரோடு பேசுகிறேன் என்று. லேப்டாப் விற்ற இம்தியாஸுக்குப் போன் போட்டேன். கடை இன்னும் திறக்கவில்லை, வீட்டிலிருந்து பேசினான், பின்னால் குக்கர் விசில். "அப்டேட்டுதான் சார் பிரச்சினை. காலைலேர்ந்து அஞ்சாவது ஆள் நீங்க" என்றான், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. பிறகு ஆரம்பித்தான். ஒலி என்கிற இடத்துக்குப் போங்கள், உள்ளே அந்தரங்கம் என்று இருக்கும், அதில் மைக்குக்கு அனுமதி கொடுங்கள். என் அந்தரங்கம் அங்கே இருப்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். அனுமதி கொடுத்தேன். கோடு எழவில்லை. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்றான். எந்த டிரைவர் என்று கேட்டேன், என் டிரைவரை நான் போன வருஷமே நிறுத்திவிட்டேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீக்கினேன், போட்டேன், அணைத்துத் திறந்தேன், வணக்கம் என்றது, புள்ளிகள் சுற்றின, கோடு அப்படியே. நன்றாகக் கிட்டத்தில் போய்ப் பேசிப் பாருங்கள் என்றான். பழைய லேப்டாப்பில் மைக் கீபோர்டுக்குக் கீழே இருந்தது, அதனால் குனிந்து, தாடை கிட்டத்தட்டச் சாவிகளைத் தொட, மை லார்ட் என்று கத்தினேன். வாசலில் சோணைமுத்து செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அவனைக் கூப்பிட்டு, யூ.எஸ்.பி.யில் சொருகுகிற ஹெட்செட் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். கழுத்தில் தொங்குகிற சாதா இயர்போனை எடுத்து நீட்டினான், இந்த மாடலில் அந்த வட்ட ஓட்டையே கிடையாது, மெல்லியதாக இருக்கவேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். காதை அறுத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். மேம்பாடு. போனிலேயே சேர்ந்துவிடலாமே சார் என்று சோணைமுத்து வேறு சொன்னான். போன மாதம் ஒருவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, காரில் குலுங்கிக்கொண்டு வாதாடினான், இது பஸ் ஸ்டாண்ட் அல்ல என்று நீதிபதி அவனை விரட்டினார். அந்த வரிசையில் நான், இந்தக் குற்றாலிங்கம், போய் நிற்கவேண்டுமாம். போய் வாங்கிக்கொண்டு வா என்றேன்.

கோர்ட் ஆரம்பித்துவிட்டது. வழக்குகள் பறக்கின்றன. ஆறு, ஏழு, எட்டு. திரையில் ஒவ்வொரு கட்டமாக வக்கீல்கள், ஆஹா, என்ன முகங்கள். ஒருவனுக்குப் பின்னால் துணி காய்கிறது. ஒருவன் நெற்றி மட்டும் தெரிகிறது, மீதியைக் கட்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டான் போல. ஒருத்தி தான் பேசுவது கேட்காது என்று நினைத்துக்கொண்டு பிள்ளையை வைகிறாள், அவளுக்கு மைக் வேலை செய்கிறது, பாருங்கள் அநியாயத்தை. எல்லோருக்கும் வேலை செய்கிறது. உளறுகிறவனுக்கு, திக்குகிறவனுக்கு, பிரிவு எண்ணைத் தப்பாகச் சொல்கிறவனுக்கு, எல்லோருக்கும். வலது மூலையில் அரசுத் தரப்பு, இன்பசாகரன், எனக்கு எதிராக ஆஜராகிறவன். நாற்பது வயதுகூட இருக்காது. எதையும் குறிப்பைப் பார்த்துத்தான் படிப்பான், நிமிர்ந்து பேச வராது. ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டச் சொன்னால் கைபேசியில் தேடுவான். அவனை இன்றைக்கு ஒரு கை பார்க்கலாம் என்று மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். நான்கு தீர்ப்புகள், நோட்டீஸ் கொடுத்த விதம் செல்லாது, கொடுத்த அதிகாரிக்கு அதிகாரமே இல்லை, கடைசியில் அரசு வக்கீலுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது என்று ஒரு வரி. அந்த வரியைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், நன்றாக விழுந்தது. பதினொன்று. என் குரல் எப்படிப்பட்ட குரல் தெரியுமா இந்தப் பெட்டிக்கு? மாவட்ட கோர்ட்டில் ஒரு தடவை மின்சாரம் போய், மின்விசிறி நின்று, ஜன்னல் வழியாகச் சந்தை இரைச்சல் மொத்தமும் உள்ளே வந்தது. நான் குரலை ஒரு சுருதி கூட ஏற்றவில்லை, பின்வரிசையில் இருந்த போலீஸ்காரன் வரைக்கும் கேட்டது. மைக் இருந்ததா அன்றைக்கு, அனுமதி கேட்டதா, டிரைவர் இருந்தானா? அந்தக் குரல் இப்போது இந்தத் தொண்டைக்குள் இருக்கிறது, வெளியே விட ஒரு ஓட்டை இல்லை. பதினான்கு. சோணைமுத்து எங்கே தொலைந்தான். ஜெயக்கொடி மெதுவாக ஆரம்பிக்கிறாள், அவளுக்கு ஒரே பாட்டுத்தான். "ஐயா, நான் பெரியாஸ்பத்திரில கர்ப்பப்பை எடுத்துப் படுத்திருந்தப்ப வந்து அளந்திருக்காங்கய்யா. எல்லைக் கல்லுலேர்ந்து அளக்கல, பக்கத்து வீட்டுச் சுவத்துலேர்ந்து..." கையைக் காட்டி நிறுத்தினேன். முதல் நாள் வந்ததிலிருந்து இதையேதான் சொல்கிறாள். சட்டத்துக்கு உன் வயிறு தேவையில்லை அம்மா, அதிகாரி யார், பிரிவு எது, அதுதான் தேவை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் விடாமல் சொல்கிறாளே என்று சோணைமுத்து அதை மனுவில் ஆறாவது பத்தியாக அடித்துச் சேர்த்திருந்தான். கிடக்கட்டும் என்று நானும் விட்டேன், அடுப்படிக் கதை ஒரு பத்தி இருந்தால் கோர்ட் ஒன்றும் கெட்டுப்போகாது. அவள் தூக்குவாளி மூடியை மட்டும் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

இருபது. மறுபடி இம்தியாஸ். பழைய நிலைக்குத் திரும்புவது என்று ஒன்று இருக்கிறதாம், அப்டேட்டையே வாந்தியெடுக்க வைக்கலாமாம், ஆனால் ஒரு மணி நேரம் ஆகுமாம். ஒரு மணி நேரத்தில் கோர்ட் வீட்டுக்குப் போய்விடும். உங்கள் மாடல் எது, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். விற்கும்போது பார்க்கவேண்டியதை இப்போது பார்க்கிறான். இருபத்திரண்டு. உள்ளங்கை வேர்க்கிறது, இது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வழக்கில் வேர்த்தது, அதற்கப்புறம் வேர்த்ததில்லை. ஒருவேளை பெட்டியில் கோளாறே இல்லாமல் இருந்தால்? ஒருவேளை கோடு துள்ளாமல் இருப்பது என் குரலுக்குத்தான் என்றால், அதில் துள்ளும்படி ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்களோ கடல் தாண்டி, இந்த வயதுக்கு மேல் பேசுகிறவனை வடிகட்டும் மேம்பாடு. சீ. என்ன யோசனை இது. குனிந்து கத்தினேன், கோடு கிடந்தது. இருபத்து நான்கு. சரி, மானத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு, போனில் அந்த இணைப்பைத் தட்டினேன். காத்திருக்கவும், கோர்ட் அலுவலர் உங்களை அனுமதிப்பார் என்று வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் என்னை விடவில்லை. போனில் புள்ளிகள் சுற்றின, இங்கே மூன்று, எண்ணிக்கையில்கூடச் சிக்கனம்.

இருபத்தேழு. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன், பழக்கம், பிறகு திரையில் என் வயிறு மட்டும் தெரிந்ததைப் பார்த்து உட்கார்ந்தேன். மனுதாரர் ஜெயக்கொடிக்காக ஆஜராகிறேன் என்று ஆரம்பித்தேன், இங்கிலீஷில், அந்த மணியான இங்கிலீஷில். நீதிபதி காதைத் தொட்டுக் காட்டினார். குனிந்தேன், கீபோர்டின் மேல் கவிழ்ந்து, கேட்கிறதா மை லார்ட் என்று கத்தினேன், நிமிர்ந்தேன், மறுபடி காதைத் தொட்டார். மறுபடி கவிழ்ந்தேன். திரையின் ஓரத்தில் அப்போது என் வழுக்கை மட்டும் தெரிந்திருக்கிறது, கேமராவுக்கு நேரே, கோர்ட்டுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு. யாரோ சிரித்தார்கள், அவர்களுக்கெல்லாம் மைக் உண்டே. ஜெயக்கொடி எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள், அவளும் திரையில் பாதி விழுந்தாள், தூக்குவாளியோடு. வேறு தேதிக்குத் தள்ளிவைக்கலாமா என்று நீதிபதி கேட்டார். தேதி என்றால் என்ன, நாளைக் காலை இடிக்கிற மெஷின் வந்துவிடும், தேதிக்கு வீடு இருக்காது. இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன், போகாதே என்று ரயிலைப் பார்த்து ஆட்டுவதுபோல. முப்பது வருஷ வக்கீல், கையை ஆட்டினேன். அப்போது இன்பசாகரன் குறிப்பைப் பார்த்தபடி தொண்டையைச் சரிசெய்தான். இவன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இன்றைக்குத் தடை இல்லை என்று முடிந்துவிடும், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், ஒரு நொடி தாமதித்திருக்க மாட்டேன். "மை லார்ட், சாரோட குரல் கேட்கலைன்னாலும் அவங்க மனு எங்கிட்ட இருக்கு. ஆறாவது பத்தியை மட்டும் நான் படிச்சிடறேன்" என்றான். படித்தான். தலைநிமிராமல், தட்டித் தடவி. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீடு பூட்டியிருந்தது, எல்லைக் கல்லிலிருந்து அளக்கவில்லை என்று இதில் இருக்கிறது, விடுமுறையில் படித்தேன், சர்வேயரைக் கூப்பிட்டுக் கேட்டேன், உண்மைதான் என்கிறார், மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன், அதுவரை இடிக்கமாட்டோம் என்று அரசுத் தரப்பில் உறுதி சொல்கிறேன் என்றான். நீதிபதி அதைப் பதிவு செய்தார். மறு அளவை முடியும்வரை அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. என்னைப் பார்த்துச் சரிதானே என்பதுபோலத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டாயிற்று. என் நான்கு தீர்ப்புகளும் மேசையில் இருந்தன, அடையாளச் சீட்டு வைத்தபடி. அந்தக் குளியலறை வரியும் இருந்தது, வாய்க்குள். அது அவன் காதில் விழுந்திருந்தால் ஆறாவது பத்தியைப் படித்திருப்பானா? படித்திருக்க மாட்டான். எந்த மனுஷனும் படிக்கமாட்டான்.

அவர்கள் இங்கிலீஷும் தமிழுமாகப் பேசியதில் ஜெயக்கொடிக்குப் பாதி புரிந்திருக்கிறது, மீதியை நான் சொன்னேன், வீட்டைத் தொடமாட்டார்கள் என்று. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு துடைத்துக்கொண்டு திரையைக் காட்டி, "அந்தத் தம்பி நல்லா பேசுச்சுய்யா. நம்ம ஆளா?" என்றாள். இல்லை, எதிர்த்தரப்பு என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. "அப்ப நீங்க எப்பய்யா பேசுவீங்க?" என்றாள். கிண்டல் இல்லை, அவளுக்குக் கிண்டல் வராது, என் முறை இனிமேல்தான் வரும் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறாள். நல்லவேளையாகப் போன் அடித்தது. இம்தியாஸ், மாடலைக் கண்டுபிடித்துவிட்டானாம். "சார், இதுல மைக்கு கீழ இல்ல. மேல கேமராவுக்குப் பக்கத்துல ஊசி முனை கணக்கா ரெண்டு ஓட்டை இருக்கும். ஏதும் அடைச்சிருக்கா பாருங்க" என்றான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு ஓட்டை. இரண்டிலும் மஞ்சளாகச் சந்தனம், வழித்துப் பூசினதுபோல மட்டமாக, இறுக்கமாக. அப்டேட் ஒன்றுமே செய்யவில்லை, பாவம். சோணைமுத்து வைத்தது மேலே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, விட்டிருந்தால் அவன் சொன்னதுபோல உதிர்ந்திருக்கும். நனைத்து, குழைத்து, கட்டைவிரலால் உள்ளே தள்ளியது நான். இம்தியாஸிடம் ஒன்றும் அடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். கேஸ் கட்டிலிருந்து குண்டூசியை உருவி மெல்லக் குத்தினேன், பொடி கீபோர்டில் உதிர்ந்தது, அறை முழுக்கச் சந்தன வாசனை. அந்த நேரம் பார்த்து சோணைமுத்து வேர்வையோடு உள்ளே வந்தான், கையில் ஹெட்செட் பெட்டி. என் கையில் குண்டூசியைப் பார்த்தான், பொடியைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏதாவது திட்டியிருப்பேன். "பேசிப் பாருங்கய்யா" என்றாள் ஜெயக்கொடி. நீலக் கோட்டைத் திரையில் கொண்டுவந்தேன். எனக்காகக் காத்துக்கொண்டு நேராகக் கிடந்தது. வாயைத் திறந்தேன். மை லார்ட் என்று சொல்ல லார்ட் இல்லை. என் வரியைச் சொல்ல ஆள் இல்லை. என்ன சொல்வதென்று தேடினேன், மூவரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது அசையவில்லை. ஜெயக்கொடி லேசாக இருமினாள். கோடு துள்ளி எழுந்தது.